ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து ட்ரொம்சோவுக்கு: தூரமும் பறக்கும் நேரமும்

வட நோர்வேயின் ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் குடியேறுபவர்கள் பலருக்கும் விரைவிலேயே ட்ரொம்சோவுக்குப் போகும் தேவை வந்துவிடும். இங்கும் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் சிக்கலான சிகிச்சைகளுக்கு வட நோர்வேயின் பல்கலைக்கழக வைத்தியசாலை ட்ரொம்சோவில்தான் உள்ளது.

இரு விமானநிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 210 கிலோமீற்றர். காரில் பியோர்டுகளை, அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடற்குடாக்களை, சுற்றி ஆல்தா நகர் வழியாகப் போனால் 500 கிலோமீற்றரைத் தாண்டும். கோடையிலேயே ஒரு பகல் முழுவதும் அதில் போய்விடும். கரையோரக் கப்பலில் ஏறினால் அரைநாள். அதனால்தான் இங்கே பள்ளிப் பிள்ளைகளும் வயோதிபர்களும் பஸ் ஏறுவதுபோல விமானம் ஏறுகிறார்கள்.

விடெரோ நிறுவனத்தின் 39 இருக்கை டாஷ் 8 விமானம் நேரடியாகப் பறந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் எல்லாச் சேவைகளும் நேரடியானவை அல்ல. சில விமானங்கள் வழியில் ஹாஸ்விக் போன்ற சிறு நிலையங்களில் இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பயணச்சீட்டு வாங்கும்போது புறப்படும் நேரத்தோடு நிறுத்தங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். விமானம் தரையைத் தொட்டதும் எழுந்துவிடாமல், எந்த ஊர் என்று அறிவிப்பதைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மொழி பிடிபடாத முதல் மாதங்களில் இது மிகவும் முக்கியம்.

உண்மையான சிக்கல் காற்றுதான். நவம்பர் கடைசியிலிருந்து ஏறத்தாழ ஜனவரி இருபதாம் தேதி வரை சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டு விமானத்தை நிறுத்தாது. ஆனால் ஹம்மர்ஃபெஸ்டின் ஓடுபாதை நீளம் குறைந்தது. பக்கக்காற்று பலமாக வீசினால் சேவை ரத்தாகும், அல்லது விமானம் ஆல்தாவில் இறங்கும். அங்கிருந்து வீடு சுமார் 140 கிலோமீற்றர். இடையிலுள்ள சென்னாலாண்டெட் மேட்டுநிலத்தில் பனிப்புயல் அடித்தால் பாதையை மூடிவிடுவார்கள்; அல்லது பனியகற்றும் வண்டியின் பின்னால் வாகனங்களை வரிசையாக அனுப்புவார்கள். 'கொலொன்னெ' என்று இதைத்தான் சொல்கிறார்கள். கைப்பையில் தடித்த உடுப்பும் மருந்தும் எப்போதும் இருக்கட்டும்.

ஆகவே குளிர்காலத்தில் காலை நேரச் சிகிச்சைக்கு அன்று காலை விமானத்தை நம்பாதீர்கள். முதல் நாளே போய்விடுங்கள். சிகிச்சைப் பயணச் செலவை, நோயாளிகளின் பயணத்தைக் கவனிக்கும் அரச சேவையான 'பஸியென்ட்ரைசர்' திரும்பத் தரக்கூடும். தங்கும் செலவுக்கும் உதவி கிடைக்குமா என்று புறப்படுமுன் அவர்களிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். காலநிலையால் விமானம் ரத்தானாலும் மாற்றுப் பயணமோ பணத்தைத் திருப்பித் தருவதோ விமான நிறுவனத்தின் கடமை. மாற்றுப் பயணத்துக்குக் காத்திருந்தால் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் தரவேண்டும். தயங்காமல் கேளுங்கள், இது உங்கள் உரிமை. காலநிலைதான் காரணம் என்றால் நட்டஈடு மட்டும் கிடைக்காது.

கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ அம்மா அப்பாவை அழைக்கிறீர்கள் என்றால், ஹம்மர்ஃபெஸ்ட் வரைக்கும் ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், மற்றொன்றில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அப்போது நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்தால் புதுச் சீட்டுக்கு நீங்களே பணம் கட்டவேண்டி வரும். பெரும்பாலும் ஒஸ்லோவில் பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்கவேண்டும். வயதானவர்களுக்கு அதற்கு மூன்று மணி நேரமாவது விட்டுவையுங்கள்.