ஹுவான் நெக்ரீனைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் (1936–39) பற்றித் தமிழில் எழுதத் தொடங்குவோரின் கட்டுரைகளைச் செப்பனிடும் பணியில், குடியரசின் கடைசிப் பிரதமரான ஹுவான் நெக்ரீன் குறித்த கட்டுரை கைக்கு வந்தாலே எனக்குத் தயக்கம் ஏற்படுகிறது. ஒரு காலத்தில் நானே எழுதி மூத்தவர்களிடம் திட்டு வாங்கிய வரிகள், இப்போது வேறொருவர் பெயரில் எதிரே வந்து நிற்கின்றன. ஆண்டு பிசகுவதையும் பெயர் எழுத்துக்கூட்டு தடுமாறுவதையும் மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆய்வகத்தை ஒரே வரியில் கடப்பது

கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் 1892இல் பிறந்த நெக்ரீன், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் மருத்துவம் பயின்று, 1922இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானவர். பின்னாளில், 1959இல், நோபல் பரிசு பெற்ற செவெரோ ஒச்சோவா அவரிடம் படித்தவர். 1929இல்தான் நெக்ரீன் சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். மாட்ரிட்டின் புதிய பல்கலைக்கழக நகரைக் கட்டும் பணிக்குச் செயலாளராக இருந்து, ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் பல ஆண்டுகள் கையாண்டிருந்தார். இதை விட்டுவிட்டால், 1936 செப்டம்பரில் அவர் நிதியமைச்சரானது ஏதோ மாயம்போலத் தோன்றும்.

தங்கத்திலிருந்து பின்னோக்கி வாழ்க்கையை எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எழுதுபவர் ஸ்பெயின் வங்கியின் தங்கம் மாஸ்கோவுக்குப் போன நிகழ்ச்சியை முதலில் எடுத்துக்கொள்கிறார். அதை நெக்ரீன் ஒருவரே செய்த இரகசியக் காரியமாக்குகிறார். பிறகு அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்தையும் அந்த முடிவுக்குப் பொருந்துமாறு வளைக்கிறார்.

அண்மையில் ஓர் இளைஞர் கொடுத்த கட்டுரை, இரவு நேரத்தில் கார்த்தஹேனா துறைமுகத்தில் பெட்டிகள் கப்பலேறும் காட்சியுடன் தொடங்கியது. நடை நன்றாகவே இருந்தது. எந்தத் தேதியில் யார் எதில் கையெழுத்திட்டார் என்பதை மட்டும் வரிசையாக எழுதிவரும்படி கேட்டுக்கொண்டேன். வரிசை தயாரானபோது கட்டுரையின் முதல் மூன்று பக்கங்கள் நிற்கவில்லை. அவர் முன்னதாகவே திருத்திக்கொண்டது நல்லதாயிற்று. இதே பிழையோடு அச்சேறிய வேறொரு தொகுப்பில் ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதி) முழுவதையும் கிழித்துவிட்டு மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அந்த வரிசை இதுதான். தங்கத்தை வெளிநாட்டில் விற்கத் தொடங்கியது நெக்ரீன் அல்லர். 1936 ஜூலை இறுதியிலேயே, அவர் அமைச்சராவதற்கு முன், அப்போதைய பிரதமர் ஹிராலின் அரசாங்கம் பிரான்சுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் ஐரோப்பிய நாடுகள் தலையிடாமை உடன்பாட்டுக்கு வந்து குடியரசுக்கு ஆயுதம் விற்க மறுத்தன. ஜெர்மனியும் இத்தாலியும் அதை மதிக்காமல், குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்த படைத்தலைவர் பிராங்கோவுக்கு உதவின. தங்கத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற நிதியமைச்சருக்கு அதிகாரம் அளித்த செப்டம்பர் 13ஆம் தேதி ஆணையில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் அசாஞா. சோவியத் ஒன்றியம் அதை ஏற்றுக்கொள்ளுமாறு அக்டோபரில் கடிதம் எழுதியவர் பிரதமர் லார்கோ கபாயேரோ. அம்மாத இறுதியில் 7,800 பெட்டிகளில் ஏறத்தாழ 510 டன் தங்கம் நான்கு சோவியத் கப்பல்களில் ஒடெசாவுக்குப் புறப்பட்டபோது, பிராங்கோவின் படைகள் மாட்ரிட்டை நெருங்கிக்கொண்டிருந்தன. நவம்பர் 6இல் அரசாங்கமே வலென்சியாவுக்கு இடம்பெயர்ந்தது.

இதனால் நெக்ரீனின் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. திட்டத்தை நடத்தியவர் அவர்தான். தங்கம் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, விலை பேசும் வலு குடியரசிடம் பெரிதும் குறைந்துவிட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால், அது திருட்டுப் போனதாகப் பிராங்கோவின் ஆட்சி பரப்பிய கதையை அப்படியே எடுத்தாளக் கூடாது. நெக்ரீன் இறந்த பிறகு அவரிடமிருந்த ஆவணங்கள் அதே ஆட்சியின் கைக்கே வந்தன. 1970களில் ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆங்ஹெல் வின்யாஸ், அந்தத் தங்கம் போர்ச் செலவிலேயே கரைந்துவிட்டது என்று காட்டினார்.

தங்கத்தையே சுற்றிவருவதால் நேரும் இன்னொரு இழப்பு, அவரிடம் உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்வி காணாமல் போவது. 1937 ஜூனில், அவர் பிரதமராகி ஒரு மாதம் ஆன நிலையில், ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரித் தலைவர் ஆந்திரேயு நின் கைது செய்யப்பட்டு, சோவியத் உளவாளிகளால் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நெக்ரீனின் அரசாங்கம் எதிர்கொண்ட விதம் ஒரு தனி அத்தியாயத்துக்குரியது. பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

கம்யூனிஸ்ட் என்று எழுதுவது

அவர் சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததே இல்லை.

வெறும் பிடிவாதக்காரராகக் காட்டுவது

எதிர்த்து நிற்பதே வெற்றி என்று அவர் முழங்கியதை எல்லோரும் எழுதுகிறார்கள். குடியரசின் போர் நோக்கங்களைச் சொன்ன 1938 மே மாதத்தின் பதின்மூன்று அம்சத் திட்டத்தையும், 1939 பிப்ரவரி 1இல் ஃபிகேரஸ் கோட்டையில் கூடிய நாடாளுமன்றத்தில் அமைதிக்காக அவர் கேட்டவற்றை மூன்றாகச் சுருக்கியதையும் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் சுதந்திரம், ஆட்சி முறையை மக்களே தீர்மானித்தல், போருக்குப் பின் பழிவாங்கல் இல்லாமை ஆகியவையே அவை. ஒரு வாரம் கழித்துப் பிராங்கோ வெளியிட்ட அரசியல் பொறுப்புகள் சட்டம், 1934 அக்டோபர் வரை பின்னோக்கிச் சென்று எதிராளிகளைத் தண்டிக்க வழிசெய்தது. சரணடைந்தால் என்ன நேரும் என்று நெக்ரீன் போட்ட கணக்கை இந்தத் தேதிகளோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும். மார்ச்சில் அவருக்கு எதிராகக் கிளர்ந்த குடியரசுப் படையின் கர்னல் கசாதோவும் பிராங்கோவிடம் பேரம் பேசிப் பார்த்தார். நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.

1939 மார்ச்சோடு முடிப்பது

குடியரசு தோற்றபின்னும் நாடுகடந்து பிரதமராக நீடித்த நெக்ரீன், 1945இல் மெக்சிகோவில் பதவி விலகினார். 1946இல் சொந்தக் கட்சி அவரை நீக்கியது. 1956இல் பாரிஸில் இறந்தார். 2008இல் அதே கட்சியின் மாநாடு அவருடைய உறுப்பினர் தகுதியை மீட்டளித்தது. இந்த நான்கில் ஒன்றைக்கூடக் குறிப்பிடாத கட்டுரைகளை நான் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.