இலை ஷெட்டுக்கு ஒரு கணக்கு சிஸ்டம்

கோத்தகிரிப் பக்கம், விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஒரு இலை ஏஜென்டிடம் கணக்கு பார்க்கிறேன். "சாக்குல வாங்கி லாரியில ஏத்துற வியாபாரம், இதுக்கு எதுக்கு சிஸ்டம்?" என்பார்கள். இன்று இறங்கும் இலைக்கு விலை இன்றைக்கே தெரியாதே! ஏலத்தில் டீத்தூள் போன சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாத விலையை அறிவிக்கும். அந்தச் சராசரியில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 ஃபேக்டரிக்கு. அதற்குள் அட்வான்ஸ், உரக்கடன் என்று பாதி பணம் போயிருக்கும். பட்டுவாடா அன்று ஞாபகத்தை நம்பினால் சண்டைதான்.

முதலில் ஆளுக்கொரு நம்பர் கொடுங்கள். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) போஜன் என்ற பெயரில் நாலஞ்சு பேர் இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒருவர் இலை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

எடையை ஒரே எண்ணாக எழுதாதீர்கள். மொத்தம் 42 கிலோ, சாக்கு 1, ஈரக்கழிவு (இலையில் உள்ள ஈரத்துக்குக் கழிப்பது) 4, நிகரம் 37 என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். மழை மாதத்தில் வரும் தகராறெல்லாம் ஈரக்கழிவில்தான். எடை போட்ட கையோடு இந்த நான்கு எண்ணையும் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். போன் இல்லாதவருக்குச் சீட்டு.

சாயங்காலம் ஃபேக்டரி எடைச்சீட்டு வந்ததும் அன்றைய கூட்டுத்தொகையோடு சரிபாருங்கள். சாக்கு மட்டும் கழித்த எடையோடு ஒப்பிட வேண்டும், நிகரத்தோடு அல்ல; ஈரம் இலையோடுதானே லாரியில் போகிறது. இதில் பலர் குழம்புகிறார்கள். வழியில் இலை வாடியும் நீர் வடிந்தும் கொஞ்சம் குறையும். வழக்கத்துக்கு மேல் குறைந்தால் அன்றிரவே தேடுங்கள். மாதக் கடைசியில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. ஃபேக்டரிக்கும் இதே பதிவு வேண்டும்: 1 கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை போகிறது, எந்த நாள் இலையில் தூள் குறைந்தது என்று அவர்களும் பார்க்க வேண்டுமே.

அட்வான்ஸும் உரமும் தனி ஷீட்டில், அதே நம்பரில். தப்பாகப் போட்டதை அழிக்காமல் கீழே திருத்தப் பதிவு போட்டு, போட்டவர் பெயரையும் எழுதுங்கள்.

ஆரம்பிக்க கூகுள் ஷீட்ஸ் போதும். கோப்பை ஆஃப்லைனில் வைத்துக்கொண்டால் டவர் இல்லாத வளைவிலும் ஓடும். பிறகு சாஃப்ட்வேர் வாங்குவதானால், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா? விற்பவர் மழுப்பினால் வேண்டாம்.