குழு வழியாக ப்ராஜெக்ட் அணுகல்: விதியை எங்கே வைப்பது, டெஸ்ட் எப்படி எழுதுவது

பலர் சேர்ந்து ப்ராஜெக்ட்களில் வேலை செய்யும் ஒரு வெப் ஆப்பில், ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக ப்ராஜெக்ட் அனுமதி கொடுப்பது ஆட்கள் குறைவாக இருக்கும்வரை ஓடும். கூட்டம் பெருகினால் யார் எதற்குள் இருக்கிறார் என்பதே பிடிபடாது. அனுமதியைக் குழுவுக்குக் கொடுத்து, ஆட்களைக் குழுவில் சேர்த்துவிட்டால், ஒருவர் வேறு வேலைக்கு மாறும்போது ஓரிடத்தில் பெயரை எடுத்தால் போதும். இதில் சிக்கலும் உண்டு. யாருக்கு என்ன அனுமதி என்பது இனி எந்த டேபிளிலும் நேரடியாக எழுதப்பட்டிருக்காது. டேபிள்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பிழைகள் நுழைவது அந்தச் சேர்க்கையில்தான்.

டேபிள்கள்

யூசர், குழு, ப்ராஜெக்ட் மூன்றும் எப்படியும் இருக்கும். அவற்றை இணைக்க இன்னும் இரண்டு வேண்டும். குழு உறுப்பினர் டேபிளில் குழு ஐடியும் யூசர் ஐடியும். ப்ராஜெக்ட் குழு டேபிளில் ப்ராஜெக்ட் ஐடி, குழு ஐடி, ரோல் (அந்தக் குழு அங்கே என்னவெல்லாம் செய்யலாம் என்ற நிலை). இரண்டிலும் ஐடி ஜோடிக்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஜோடி இருமுறை வராமல் தடுக்கும் விதி) போடுங்கள். போடாவிட்டால் 'சேர்' பட்டனை யாரோ இருமுறை அழுத்தியதும் இரண்டு வரிசை உருவாகும்; ஒன்றை நீக்கிய பிறகும் அனுமதி அப்படியே இருக்கும். உறுப்பினர் டேபிளுக்கு யூசர் ஐடியில் தொடங்கும் இண்டெக்ஸும் (தேடலை வேகமாக்கும் அகவரிசை) தேவை, ஏனென்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் யூசரை வைத்துத்தான் தேடும்.

ரோலை எண்ணாகச் சேமித்தால் ஒப்பிடுவது எளிது: பார்வையாளர் 10, தொகுப்பாளர் 20, நிர்வாகி 30. நடுவில் இடைவெளி விடுவது காரணத்தோடுதான். கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் கெஸ்ட் 10, ரிப்போர்ட்டர் 20 என்று இருந்ததால், பின்னாளில் பிளானர் என்ற ரோல் வந்தபோது 15-ல் வைக்க முடிந்தது. ஒருவர் பல குழுக்களில் இருந்தால் மிக உயர்ந்த ரோலே செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் குழுவுக்குத் தடை' என்ற எதிர்விதியைத் தவிருங்கள். அது வந்துவிட்டால் எந்த விதி முந்தும் என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும்.

விதி ஓரிடத்தில்

'இந்த யூசர் பார்க்கக்கூடிய ப்ராஜெக்ட்கள்' என்று ஒரே ஒரு குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) எழுதுங்கள். பட்டியல் பக்கம், தனிப் பக்கம், தேடல், ஏற்றுமதி, கோப்பு டவுன்லோட், மின்னஞ்சல் அறிவிப்பு எல்லாம் அதன் வழியாகவே போகட்டும். பட்டியலுக்கு ஒரு ஃபில்டர், தனிப் பக்கத்துக்கு வேறொரு 'இஃப்' என்று பிரித்து எழுதினால் இரண்டும் சீக்கிரமே முரண்படும். பெரும்பாலும் மறந்துபோவது டவுன்லோட் லிங்க்தான்.

அந்தக் குவெரியை ஜாயின் (டேபிள்களை வரிசைக்கு வரிசை இணைப்பது) வைத்து எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு யூசர் 'வடிவமைப்பு', 'சோதனை' என்ற இரு குழுக்களிலும் இருக்கிறார், இரண்டும் ஒரே ப்ராஜெக்ட்டில் இணைந்திருக்கின்றன என்றால், ஜாயின் அந்த ப்ராஜெக்ட்டை இருமுறை தரும். பட்டியலில் பெயர் இரண்டு தடவை வருவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மொத்த எண்ணிக்கை தவறுவதும், அதனால் கடைசிப் பக்கம் காலியாக வருவதும் அப்படிச் சட்டென்று தெரியாது. இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மறைப்பதைவிட, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்சிஸ்ட்ஸ் துணைக்குவெரி மேல். 'பொருந்தும் வரிசை ஒன்றாவது உண்டா' என்பதுதானே நம் கேள்வி.

ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் பொருட்களிலும் கவனம் வேண்டும். யூஆர்எல்லில் ப்ராஜெக்ட் 5, பணி 91 என்று இருக்கும். கோட் ப்ராஜெக்ட் 5-க்கு அனுமதி பார்த்துவிட்டு, பணி 91-ஐ வெறும் ஐடியை வைத்து எடுத்தால், அது ப்ராஜெக்ட் 7-ன் பணியாக இருந்தாலும் கொடுத்துவிடும். பணியை எப்போதும் ப்ராஜெக்ட் ஐடியோடு சேர்த்தே தேடுங்கள். பணியை ஒரு ப்ராஜெக்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது இரு பக்கமும் அனுமதி பார்க்க வேண்டும்.

அனுமதி இல்லாதவருக்கு 403 ('அனுமதி இல்லை') அனுப்புவதா, 404 ('அப்படி ஒன்று இல்லை') அனுப்புவதா? ப்ராஜெக்ட் இருப்பதே தெரியக்கூடாதவருக்கு 404. பார்க்கலாம், திருத்தக்கூடாது என்றால் 403. பொருள் இருப்பதை மறைக்க 404 கொடுக்கலாம் என்று இந்த எண்களை வகுக்கும் எச்டிடிபி வரையறையே சொல்கிறது. எதைத் தேர்ந்தாலும் எல்லா வழியிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாத ஐடிக்கு 404, தடுக்கப்பட்ட ஐடிக்கு 403 என்றால் எது இருக்கிறது என்று வெளியாள் ஐடிகளை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடித்துவிடலாம்.

குழுவை யார் இணைக்கலாம்?

ப்ராஜெக்ட் நிர்வாகி மட்டும், அதுவும் தன் ரோலுக்கு மேற்படாத ரோலில். அவர் கண்ணுக்குத் தெரியும் குழுக்கள் மட்டுமே தேர்வுப் பெட்டியில் வரவேண்டும். ஒன்றைப் பலரும் யோசிப்பதில்லை: குழுவை இணைத்த நொடியிலிருந்து, யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்பவர் அந்தக் குழுவின் பொறுப்பாளர், ப்ராஜெக்ட் நிர்வாகி அல்ல. ஆகவே இணைக்கும் திரையில் குழுவில் எத்தனை பேர் என்பதைக் காட்டுங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவரும் எந்தக் குழு வழியாக வந்தார் என்பதும் தெரியட்டும். நேரடி அனுமதியும் வைத்திருந்தால் இது இன்னும் அவசியம். குழுவிலிருந்து எடுத்த பிறகும் ஆள் ஏன் உள்ளே இருக்கிறார் என்ற புகாருக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.

கடைசி நிர்வாகிக் குழுவைக் கழற்ற விடாதீர்கள்; கழற்றினால் ப்ராஜெக்ட்டை நிர்வகிக்க ஆளே இருக்காது. உறுப்பினரே இல்லாத நிர்வாகிக் குழு மட்டும் மிஞ்சினாலும் அதே கதிதான், அதையும் தடுங்கள். குழுவுக்குள் குழு வேண்டாம் என்பதே என் யோசனை. தவிர்க்க முடியாதென்றால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரிகர்சிவ் குவெரி (தன் விடையையே வைத்து மீண்டும் மீண்டும் தேடுவது) எழுதும்போது, எல்லா வரிசையையும் வைத்துக்கொள்ளும் யூனியன் ஆல் போடாமல், ஒரே வரிசை மீண்டும் வந்தால் விலக்கும் யூனியன் போடுங்கள். அ குழுவுக்குள் ஆ, ஆவுக்குள் அ என்று வட்டம் விழுந்தாலும் திரும்ப வரும் வரிசை விலக்கப்பட்டு, குவெரி நின்றுவிடும். ஆழத்தை எண்ணும் புலத்தைச் சேர்த்தால் வரிசைகள் வேறுபட்டு அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

டெஸ்ட்

டெஸ்ட் டேட்டாவில் குறைந்தது இரண்டு ப்ராஜெக்ட், இரண்டு குழு இருக்க வேண்டும். ஒரே ப்ராஜெக்ட் இருந்தால், ஃபில்டரே இல்லாமல் எல்லாவற்றையும் தரும் குவெரியும் பாஸ் ஆகும். சூப்பர்யூசரை வைத்து எழுதிய டெஸ்ட்டும் இப்படித்தான், எதையும் நிரூபிக்காது.

அடிப்படை டெஸ்ட் ஓர் அட்டவணை. ஒரு பக்கம் ஆட்கள்: லாகின் செய்யாதவர், வேறு குழுக்காரர், பார்வையாளர், தொகுப்பாளர், நிர்வாகி. இன்னொரு பக்கம் செயல்கள்: பார்த்தல், திருத்தல், அழித்தல், குழு இணைத்தல். 20 கட்டங்கள். பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் (ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் வசதி) கொண்டு ஒரே ஃபங்ஷனில் ஓட்டிவிடலாம். எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதுங்கள். அனுமதி ஃபங்ஷனையே கூப்பிட்டு விடையை எடுத்தால் தவறும் தவறும் ஒத்துப்போய் டெஸ்ட் பச்சையாகிவிடும். மறுக்கப்படும் கட்டங்களில் ஸ்டேட்டஸ் கோடோடு நிறுத்தாமல் டேட்டாபேஸும் மாறவில்லை என்று பாருங்கள். 403 அனுப்புவதற்கு முன்பே சேமித்துவிடும் கோட் இருக்கத்தான் செய்கிறது.

அட்டவணையில் அடங்காதவை தனி: இரு குழு வழியாக வருபவருக்கு ப்ராஜெக்ட் ஒருமுறைதான் வருகிறதா, ஒரு குழுவிலிருந்து எடுத்தால் மற்றது வழியாக இன்னும் திறக்கிறதா, இரண்டிலிருந்தும் எடுத்தால் அடுத்த ரிக்வெஸ்டிலேயே மூடுகிறதா, குழுவையே அழித்தால் என்ன ஆகிறது.

குழுவிலிருந்து நீக்கும் டெஸ்ட்டில், பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ பயன்படுத்துவோர் அடிக்கடி தடுமாறுவார்கள். ஜாங்கோ முதல்முறை அனுமதியைப் பார்த்ததும் அதை யூசர் ஆப்ஜெக்ட்டிலேயே கேஷ் செய்துவிடும் (நினைவில் வைத்துக்கொள்ளும்). ஜாங்கோவின் குழுவிலிருந்து யூசரை எடுத்துவிட்டு அதே ஆப்ஜெக்ட்டிடம் கேட்டால் பழைய பதிலே வரும். அந்த ஆப்ஜெக்ட்டை ரிஃப்ரெஷ் செய்வது போதாது. டேட்டாபேஸிலிருந்து யூசரைப் புதிதாக எடுக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் அனுமதி பார்க்கும் வரியைக் கமென்ட் செய்து எல்லா டெஸ்ட்டையும் ஓட்டுங்கள். எதுவும் சிவப்பாகவில்லை என்றால் அந்த வரிக்கு டெஸ்ட்டே இல்லை. புதிதாகச் சேரும் பக்கங்களுக்கு, பதிவான எல்லா ரூட்டையும் (பக்க முகவரியையும்) சுற்றிவந்து லாகின் இல்லாமல் கூப்பிடும் ஒரு டெஸ்ட் வைத்திருங்கள்: 401 ('லாகின் வேண்டும்'), 403, 404, அல்லது லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 தவிர வேறெது வந்தாலும் தோல்வி. பொதுப் பக்கங்களின் பெயர்களை மட்டும் அந்த டெஸ்ட் கோப்பிலேயே விலக்குப் பட்டியலாக எழுதிவிடுங்கள். அதில் ஒரு வரி கூடினால் ரிவ்யூ செய்பவர் கண்ணில் படும்.