மாசித் தூள் தூவிய ஜப்பான் பாஸ்தா: நாகர்கோவில் அடுப்பில் ஒரு மதியச் சாப்பாடு

போன வருஷம் பெங்களூருக்குப் போயிருந்தப்போ, அத்தை மகன் என்னை ஒரு குட்டி உணவகத்துக்குக் கூட்டிட்டுப் போனான். மொத்தமே ஆறு மேசை. ராத்திரி விலையைக் கேட்டால் தலை சுற்றும், மதியச் சாப்பாடு மட்டும் நம்ம கைக்கு எட்டும். தெளிவான ஒரு சூப், புளிப்பாகக் கொஞ்சம் வெள்ளரிக்காய், ஒரு தட்டு ஸ்பகெட்டி. அதன் மேல் மரச்சீவல் மாதிரி ஏதோ ஆவியில் நெளிந்துகொண்டிருந்தது. வாயில் வைத்ததும் எனக்கு வடசேரி சந்தையின் கருவாட்டுக் கடைதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சீவலுக்கு ஜப்பானில் கட்சுவோபுஷி என்று பெயர். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவுகிறார்கள். நம்ம மாசிக் கருவாடும் சூரைதான், செய்முறையும் கிட்டத்தட்ட அதேதான். ஐரோப்பியப் பண்டங்களை ஜப்பான்காரர்கள் சோயா சாஸ் ஊற்றித் தங்கள் ருசிக்கு மாற்றிக்கொண்டதுபோல, நாமும் மாசியைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு பேருக்கு வேண்டியது: ஸ்பகெட்டி 200 கிராம், சிப்பிக் காளான் 200 கிராம், வெண்ணெய் 30 கிராம், சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டு நாலு பல், ஒரு விரல் நீள மாசித் துண்டு, எண்ணெய், மிளகு. எனக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் மாசி. பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். துணியால் தூசியைத் துடைத்து, அம்மியில் தட்டி உடையுங்கள். நேராக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். நான் ஒன்றைக் காவு கொடுத்தவன். இரண்டு மூன்று சில்லுகளைச் சூப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை வெறும் சட்டியில் சிறு தீயில் வாசம் வரும் வரை வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டித் தூள் போதும்.

அடுத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் ஸ்பகெட்டியும் போடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள மாவுச்சத்துதான் வெண்ணெயையும் சாஸையும் சேர்த்துப் பிடிக்கும்.

அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் அகலச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் ஊற்றிக் காளானைப் பரப்புங்கள். இரண்டு நிமிஷம் கரண்டியே படக்கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். ஓரம் சிவந்ததும் நறுக்கிய பூண்டு. குளச்சல் பக்கம் நல்ல கணவாய் கிடைத்தால் வளையமாக நறுக்கி இப்போது சேர்க்கலாம். இரண்டு நிமிஷம் தாண்டினால் ரப்பர்தான்.

இனி ஸ்பகெட்டியையும், பிடித்து வைத்த தண்ணீரில் அரை டம்ளரையும் சட்டியில் சேருங்கள். சோயா சாஸைச் சட்டியின் ஓரத்தில் ஊற்றுங்கள். ‘சுர்’ரென்று பொங்கி லேசாகத் தீயும் அந்த வாசம்தான் இதற்கு உயிர். அடுப்பை அணைத்தபிறகு வெண்ணெய் போட்டுப் புரட்டி, மிளகு இடித்துப் போட்டு, மேலே மாசித் தூள். தனியாக உப்பு வேண்டாம்: சாஸ், மாசி, கடை வெண்ணெய் மூன்றிலும் அது உண்டு.

உப்பும் காரமும் இவ்வளவு குறைவாக இருந்தும் ஏன் ருசிக்கிறது? கடற்பாசிச் சாற்றுக்கு ருசி தரும் குளுட்டமேட் என்ற பொருளைக் கண்டுபிடித்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று 1908இல் பெயர் வைத்தார் ஜப்பான் வேதியியலாளர் கிக்குனே இக்கேடா. சோயா சாஸிலும் அது நிறைய. மாசி போன்ற காய்ந்த மீனில் இருப்பது இனோசினேட், அதே சுவை தரும் இன்னொரு பொருள். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்கு ஏறும்.

சூப்புக்கு, எடுத்து வைத்த சில்லுகளை இரண்டு டம்ளர் கொதிநீரில் ஐந்து நிமிஷம் ஊறவிட்டு வடிகட்டி, மறுபடி சூடாக்கி ஒரு பிடி முருங்கையிலை, இரண்டு சொட்டு சோயா சாஸ். வெள்ளரிக்காயை மெலிசாக அரிந்து உப்பு, சீனி, வினிகரில் பிசறினால் போதும்.

அம்மாவிடம் தட்டை நீட்டினேன். “என்னலே இது, இடியாப்பத்துல மாசியைப் போட்டிருக்க?” என்றாள். பாதித் தட்டு காலியானபிறகு, “தேங்கா துருவிப் போட்டா இன்னும் நல்லாருக்கும்” என்றாள். அடுத்த வாரம் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.