எக்ஸோசோமும் இதயச் செயலிழப்பும்: மாணவர் ஆய்வைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவி, ‘தொப்புள்கொடி எக்ஸோசோம்களால் இதயச் செயலிழப்பைக் குணப்படுத்துதல்’ என்ற தலைப்புடன் தன் திட்ட வரைவை என் மேசையில் வைத்தார். எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியிடும் மிக நுண்ணிய பை. கால அளவு என்ற இடத்தில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தார். ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டபோது, தாத்தா இரவெல்லாம் மூன்று தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குவதைச் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, மாலையில் கால் வீங்கிவிடுகிறது. வடசென்னையில் இப்படி ஒருவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இந்தத் துறையை அதிகம் தேடி வருகிறார்கள். அந்த அக்கறை வீணாகக் கூடாது என்பதற்காகவே, திட்டமிடும் நிலையிலேயே நேர்கிற தவறுகளை எழுதுகிறேன்.

முதல் தவறு தலைப்பிலேயே இருக்கிறது. இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவது அன்று; உடலுக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் போதிய அளவில் அனுப்ப முடியாத, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தொடரும் நிலை. அதிலும் இடது கீழறை ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காடு 40 அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்கள் ஒரு வகை. 50 அல்லது அதற்கு மேல் இருந்தும் நோயால் அவதிப்படுபவர்கள் வேறொரு வகை. முன்னதில் தசை சுருங்கும் வலிமை குறைகிறது. பின்னதில் தசை விறைத்து, தளர்ந்து விரிய மறுக்கிறது. மாணவர் வரைவுகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணப்படுவதில்லை.

எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். மனித ஸ்டெம் செல்கள் வெளியிடும் எக்ஸோசோம்கள் இதயப் பாதிப்பைக் குறைத்ததாகச் சிங்கப்பூர்க் குழுவினர் 2010-இல் வெளியிட்ட கட்டுரை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அது இரத்த ஓட்டத்தைத் தடுத்து மீண்டும் திறந்துவிட்ட எலி இதயத்தைப் பற்றியது, அதாவது மாரடைப்பின் முதல் மணி நேரங்களைப் பற்றியது. பல ஆண்டுகளாகத் தழும்பேறித் தளர்ந்த இதயத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எச்9சி2 செல்களோ எலிக் கருவின் இதயத்திலிருந்து வந்தவை, அவை துடிப்பதில்லை. அவற்றின்மீது ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிச் சில மணி நேரம் வைத்துவிட்டு, அதற்கு இதயச் செயலிழப்பு என்று பெயர் சூட்டுவது நோய்க்கும் நியாயமில்லை, அந்தச் செல்களுக்கும் நியாயமில்லை. ‘ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு உள்ளான எச்9சி2 செல்களின் பிழைப்பு விகிதத்தில் ஏற்படும் மாற்றம்’ என்று எழுதினால் தலைப்பு சிறுத்துவிடும் என்று அந்த மாணவி வருந்தினார். சிறுத்த அந்தத் தலைப்பைத்தான் ஆறு மாதத்தில் நேர்மையாக முடிக்க முடிந்தது.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் வலியுறுத்துவது, குழாய்க்குள் இருப்பது என்ன என்ற கேள்வியை. எக்ஸோசோம் என்பது செல்லின் உள்ளே எண்டோசோம் என்ற உறுப்பில் உருவாகி வெளியேற்றப்படும், ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்பை. 1987-இல் புழக்கத்துக்கு வந்த இந்தப் பெயரை இன்று நினைத்த இடத்தில் எல்லாம் ஒட்டிவிடுகிறோம். செல்லின் மேற்சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரியும் நுண்பைகளும் இதே அளவில் உண்டு என்பதால், பிறப்பிடத்தை நிறுவாதவரை ‘சிறு செல்வெளி நுண்பைகள்’ என்று சொல்வதே சரி என்பது இத்துறையின் பன்னாட்டுச் சங்கத்தின் நிலைப்பாடு. 2014, 2018, 2023 ஆகிய மூன்று பதிப்புகளாக வந்த அதன் மிசெவ் வழிகாட்டுதல்களை, வரைவின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். செல் வளர்த்த திரவ ஊடகத்தைச் சேகரித்து, சுழற்றி, வீழ்படிவை எடுத்து, துகள் எண்ணும் கருவியில் வைத்தோம். கறுத்த திரையில் வெண்புள்ளிகள் மழைத்தூறல்போல நடுங்கிக்கொண்டிருந்தன. மாணவர்களின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. செல்லே போடாத வெறும் ஊடகத்தையும் இதே முறையில் தயாரித்தீர்களா என்று அங்கிருந்த தொழில்நுட்பர் கேட்டார். நாங்கள் தயாரித்திருக்கவில்லை. அடுத்த வாரம் அதைச் செய்தபோது, திரையில் ஏறக்குறைய அதே அளவு புள்ளிகள் தெரிந்தன. ஊடகத்தில் செல்களுக்கு ஊட்டமாகக் கலந்திருந்த மாட்டுக் கன்றின் இரத்தச் சீரத்திலேயே நுண்பைகளும் கொழுப்புப்புரதங்களும் நிறைந்திருந்தன. எண்ணும் கருவிக்கு நுண்பை எது, புரதக் கட்டி எது என்று பிரித்தறியத் தெரியாது. மூன்று மாத உழைப்பை அன்று ஒதுக்கிவைக்க நேர்ந்தது. சீரத்தை முன்கூட்டியே நீண்ட நேரம் அதிவேகத்தில் சுழற்றினால் அதிலுள்ள நுண்பைகள் பெருமளவு குறையும், முழுவதும் நீங்கா. ஆகவே கடைசிச் சேகரிப்புக் காலத்தில் சீரமே இல்லாத ஊடகத்தைப் பயன்படுத்துவது, செல்லில்லா ஊடகத்தை ஒப்பீடாக எப்போதும் உடன் கொண்டுசெல்வது ஆகிய இரண்டையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

துகள் எண்ணிக்கை மட்டும் சான்றாகாது. சிடி9, சிடி63, சிடி81 போன்ற சவ்வுப் புரதங்களும், டிஎஸ்ஜி101 போன்ற உட்புரதம் ஒன்றும் இருப்பதைக் காட்ட வேண்டும். செல் உடைந்து கலந்த மாசு இல்லை என்பதற்கு, செல்லின் உள்ளுறுப்புப் புரதமான கால்நெக்சின் மிகக் குறைந்திருப்பதையும் காட்ட வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றும் தேவை. விலைக்குக் கிடைக்கும் வீழ்படிவுக் கிட்டுகள் வேலையை எளிதாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை நுண்பைகளோடு மற்றப் புரதங்களையும் சேர்த்தே இறக்கிவிடும் என்பதால், பிறகு செல்களில் தெரியும் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

அடுத்தது தொலைவு. வழக்கமான முறைக்கு 1,00,000 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுழற்றும் அல்ட்ராசென்ட்ரிபியூஜ் வேண்டும். வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ படிக்கும் மாணவர் அதற்காகப் பெரும்பாலும் கிண்டி, தரமணிப் பக்கம் உள்ள ஆய்வகங்களின் நேரத்தைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. ஒருமுறை எங்கள் மாணவர் ஒருவர் மைனஸ் 80 டிகிரியில் உறைந்திருந்த மாதிரிகளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, காசிமேட்டில் மீனுக்கு வாங்குகிற உடைத்த ஐஸைச் சுற்றிலும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். அந்த ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி. போய்ச் சேர்ந்தபோது உறைந்திருக்க வேண்டியது உருகியிருந்தது; அதை மீண்டும் உறையவைத்தார்கள். உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் நுண்பைகள் உடைகின்றன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, குழாயின் சுவரிலும் படிகின்றன. உறைந்த மாதிரிக்கு உலர்பனிக்கட்டி வேண்டும். ஒரு தடவைக்குத் தேவையான அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து உறையவைக்க வேண்டும். முடிந்தால், சேகரித்த ஊடகத்தைக் குளிர்நிலையில் அன்றே கொண்டுபோய் அங்கேயே சுழற்றி முடித்துவிடுவது இன்னும் நல்லது. சேகரிப்பை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வைக்காதீர்கள் என்றும் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பட்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்பெட்டிக்கு மின்சாரம் போனால் யாரை அழைப்பது என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

தொப்புள்கொடி எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது என்று நினைத்து, பிரசவ வார்டில் தெரிந்தவரிடம் சொல்லி வாங்கிவரத் துணிவோரும் உண்டு. இது கூடவே கூடாது. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், தாய்க்குப் புரியும் தமிழில் எழுதப்பட்ட சம்மதப் படிவமும் வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும் நேரத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது, கருவுற்ற காலப் பரிசோதனைக்கு வரும்போதே பேச வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளை, ஆய்வு வழிகாட்டியான ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். விலங்கு ஆய்வுக்கு ஒப்புதல் வரவே மாதங்கள் ஆகலாம். வழிகாட்டியிடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வு இருந்தாலன்றி அதைத் தொடாதிருப்பதே நல்லது. இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு என்றால், வெளியான விலங்கு ஆய்வுகளை முறையாகத் தொகுத்து மதிப்பிடுவதே போதிய வேலை.

புள்ளியியலில் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றுதான். ஒரே தாயின் தொப்புள்கொடியிலிருந்து வந்த செல்களை வளர்ப்புத் தட்டின் மூன்று குழிகளில் போட்டால் மாதிரி எண்ணிக்கை மூன்று ஆகாது, ஒன்றே. மூன்று தாய்மாரிடமிருந்து பெற்றிருந்தால்தான் மூன்று என்று எழுதலாம். மருந்தளவையும் புரத எடையில் மட்டும் குறிக்காமல், துகள் எண்ணிக்கையையும் எத்தனை செல்களிலிருந்து பெறப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். நுண்பைகளுக்குச் சாயமேற்றி அவை செல்லுக்குள் நுழைவதைக் காட்ட விரும்புவோர், சாயத்தை மட்டும் போட்ட ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது. பிகேஎச்26 போன்ற சாயங்கள் தாமாகவே நுண்பை அளவிலான கட்டிகளாகத் திரளும்.

இனி அந்தத் தாத்தாவைப் பற்றி. ஆய்வு தொடங்கியதும் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, இந்த ஊசி எங்கே போடுகிறார்கள் என்பதுதான். இதயச் செயலிழப்புக்கு எக்ஸோசோம் மருந்து எதையும் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஏற்கவில்லை. ஒப்புதலின்றி விற்கப்படும் எக்ஸோசோம் பொருள்களைப் பற்றி 2019 டிசம்பரில் அது பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. நரம்பு வழியே செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகிறது என்பது விலங்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதயத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. இதைத் தமிழில் தாத்தாவுக்கு எப்படிச் சொல்வது என்று அந்த மாணவி ஒரு பக்கத்தில் எழுதி வந்து காட்டினார். உப்பைக் குறைப்பது, மாத்திரையை விடாமல் போடுவது, தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைப்பது ஆகியவற்றை அதன் கடைசியில் அவரே சேர்த்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திட்ட வரைவின் பிற்சேர்க்கையாக இணைக்கச் சொன்னேன்.