மென்பொருள் யோசனைக்குப் பேட்டன்ட்: கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

“வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை போகிற பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்.” நல்ல யோசனைதான். ஆனால் இதை மட்டும் வைத்துப் பேட்டன்ட், அதாவது ஆக்கவுரிமை, வாங்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். கணித முறைகளுக்கும் வியாபார முறைகளுக்கும் அதில் இடமில்லை. நீங்கள் எழுதும் கோட் பதிப்புரிமைக்குள் வரும். அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் அதே வேலையை வேறு கோட் எழுதிச் செய்பவரைப் பதிப்புரிமை தடுக்காது.

ஆகவே முதல் வேலை, ஆப் எந்தத் தொழில்நுட்பச் சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுவது. பஸ்ஸைக் காட்டுவது போதாது. கைபேசியின் பேட்டரி தீராமல் எப்படிக் காட்டுகிறீர்கள்? பேட்டன்ட்டுக்கான விஷயம் அங்கேதான் இருக்கும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் காசைச் செலவழிக்காமல் ஆப்பை வெளியிடுங்கள்.

அடுத்தது, இதை ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்ற தேடல். பழைய பேட்டன்ட்களைத் தேட உதவும் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற மூன்று இணையத்தளங்களும் இலவசம். ஆங்கிலத்தில் ‘பஸ்’ என்று தேடினால் கணினிச் சுற்றுகளின் டேட்டா பஸ்தான் குவியும். ‘வாகனம்’, ‘நகரும் சாதனம்’ என்றெல்லாம் மாற்றித் தேடுங்கள். பேட்டன்ட் எழுதுபவர்கள் வேண்டுமென்றே அகலமான சொற்களைத்தான் போடுவார்கள்.

விண்ணப்பம் போடும்வரை வெளியே சொல்லாதீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நீங்களே வெளியிட்டதை நம் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. கம்பனியில் வேலை செய்பவர் என்றால் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், முதலாளிக்கே சொந்தம்.

சரி, இப்போது ஆவணங்கள். விண்ணப்பப் படிவம், விவரணம், உரிமைக் கோரல்கள், தேவையான வரைபடங்கள், சுருக்கம். இதில் உயிர்நாடி உரிமைக் கோரல்தான், ஏனென்றால் உங்கள் வேலியை அதுதான் போடுகிறது. இப்படி இருக்கும்:

“பயணியின் கைபேசி மூலம் வாகனத்தின் இடத்தை அறியும் முறை, அதில் அசைவுணரி வாகனம் நின்றதைக் கண்டதும் ஜிபிஎஸ் அணைக்கப்பட்டு, மீண்டும் அசைவு தெரிந்ததும் இயக்கப்படும்.”

(ஜிபிஎஸ்ஸை இப்படி அணைத்து எழுப்புவது பழைய வித்தை. எழுதும் விதத்தைக் காட்டத்தான் போட்டேன்.) ‘பஸ்’ இல்லை, ‘வாகனம்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். பஸ் என்று எழுதினால் ஆட்டோவில் அதையே செய்பவர் வேலிக்கு வெளியே நிற்பார். இந்தப் பகுதிக்காவது ஒரு சட்டத்தரணிக்கோ பதிவுபெற்ற முகவருக்கோ பணம் கொடுப்பது வீண்செலவு இல்லை.

விண்ணப்பத்தைக் கொடுக்கும் இடம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். சர்வதேசத் தரத்திலான தேடல் அறிக்கையை (கண்டுபிடிப்பு புதியதா என்று அதிகாரபூர்வமாகத் தேடித் தரும் அறிக்கை) இணைக்கலாம், அல்லது உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். கட்டணங்களை அலுவலகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள்.

கிடைத்தால் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம், அதுவும் இலங்கைக்குள் மட்டும். வெளிநாட்டிலும் வேண்டுமென்றால் இங்கே விண்ணப்பித்த திகதியைக் காட்டி 12 மாதங்களுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அதே காலத்துக்குள் பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட உதவும் சர்வதேச ஒப்பந்தம்) வழியாகப் போக வேண்டும். சென்னைச் சந்தை மனதில் இருந்தால் இன்னொன்று: கணினி நிரலைத் தனியே ஒரு கண்டுபிடிப்பாக இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. அசைவுணரி, பேட்டரி போன்ற விவரங்களை முதல் விண்ணப்பத்திலேயே விரிவாக எழுதிவிடுங்கள். பிற்பாடு புதிதாகச் சேர்க்க விடமாட்டார்கள்.