இங்கிலீஷ் வார்த்தைய தனியா படிக்காதீங்க, ஜோடியா படிங்க

பெங்களூர்ல அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம்ம பசங்களுக்கு வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு மூணும் ஓடுது, பேசச் சொன்னா நல்லாவே பேசுவாங்க, ஆனா எஸ்ஸே எழுத உக்காந்தா ‘வெரி குட்’, ‘வெரி நைஸ்’ தாண்டி வரமாட்டேங்குது. உடனே பேரண்ட்ஸ் ஒரு லிஸ்ட் குடுத்து தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணுனு சொல்லிடறாங்க. அது வேலைக்கு ஆகாதுங்க.

அர்த்தம் தெரிஞ்சா மட்டும் எழுத வந்துடாது, அந்த வார்த்தை கூட எது சேரும்னு தெரியணும். மழைன்னா ‘ஹெவி ரெயின்’, காத்துன்னா ‘ஸ்ட்ராங் விண்ட்’, டிசிஷன்னா ‘மேக்’, ஹோம்வொர்க்னா ‘டூ’. ‘டிஸ்கஸ்’ பக்கத்துல ‘அபவுட்’ போடவே கூடாது, ஆபீஸ் மெயில்ல பெரியவங்களே போடறாங்க, அதப் பாத்துதான் பசங்களும் எழுதுதுங்க.

அதனால ஒரு நோட்டு போடுங்க, ஒரு பக்கத்துக்கு ஒரே வார்த்தை. டிசைட்னு எழுதினா கீழயே டிசிஷன், டிசைசிவ்னு அதோட குடும்பத்தையும் எழுதணும், அப்புறம் கூட வர்ற ரெண்டு ஜோடி வார்த்தை, கடைசியா பையன் சொந்தமா ஒரு வாக்கியம், மெட்ரோ, பிஎம்டிசி பஸ், கிரிக்கெட்னு அவன் வாழ்க்கைல இருந்தே வரணும், டிக்ஷனரில இருந்து காப்பி அடிச்சா மனசுல நிக்காது. வாரத்துக்கு அஞ்சு வார்த்தை போதும். டிக்ஷனரின்னா லேர்னர்ஸ் டிக்ஷனரியா வாங்குங்க, ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பான்ல இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்காக பண்ணி 1942ல வந்த அந்த வகைதான், எளிய இங்கிலீஷ்ல அர்த்தமும் இருக்கும், வாக்கியத்துல எப்படி வரும்னும் காட்டும்.

எந்த வார்த்தைன்னு கேட்டா, சின்ன கிளாஸுக்கு மைக்கேல் வெஸ்ட் 1953ல போட்ட சுமார் 2000 வார்த்தை லிஸ்ட், ஒன்பதாவதுக்கு மேல ஏவரில் கோக்ஸ்ஹெட் 2000ல போட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட், 570 வார்த்தைக் குடும்பம், ரெண்டும் நெட்ல ஃப்ரீயா கிடைக்கும். அனலைஸ், எவிடென்ஸ், சிக்னிஃபிகண்ட் மாதிரி எஸ்ஸேல நிஜமா தேவைப்படற வார்த்தைங்க அதுல இருக்கு.

படிக்க புக் வேணும்னா சர்ச் ஸ்ட்ரீட், அவென்யூ ரோடு பழைய புக் கடை, கப்பன் பார்க்ல ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி. பக்கத்துக்கு ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல தெரியலன்னா அந்த புக்க இப்ப விட்டுடுங்க, பிள்ளைக்கு வெறுத்துடும்.

முக்கியமானது இதுதான்: பழைய எஸ்ஸே ஒண்ணு எடுத்து ‘வெரி’, ‘குட்’, ‘திங்’ எல்லாம் வட்டம் போடச் சொல்லுங்க, அதுல மூணே மூணு இடத்த மட்டும் நோட்டுல இருக்கற வார்த்தைய வச்சு திருப்பி எழுதச் சொல்லுங்க. எல்லாத்தையும் மாத்தினா, அதுவும் ஒரே அர்த்தம் வர்ற வார்த்தைகள அடுக்கித் தர்ற தெசாரஸ் புக்க பாத்து மாத்தினா, படிக்கறவங்களுக்கு உறுத்தும். மாத்தினத சத்தமா வாசிக்கணும், நாக்கு தடுக்கற இடத்துல பழைய வார்த்தையே இருக்கட்டும்.

மறக்காம இருக்க கார்டு முறை. மறதி எப்படி நடக்குதுன்னு ஜெர்மன் மனோதத்துவ ஆய்வாளர் எபிங்ஹாஸ் 1885லயே சோதிச்சு எழுதிட்டாரு, கத்துக்கிட்ட கொஞ்ச நேரத்துலயே நிறைய போயிடும், அதனால மறுநாள், மூணாம் நாள், அடுத்த வாரம்னு இடைவெளி விட்டு கேக்கணும். ஒரு பக்கம் தமிழ் அர்த்தம், மறுபக்கம் இங்கிலீஷ் வார்த்தையும் ஜோடியும். இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் இத பண்ணலாம், தமிழ் பக்கத்த வாசிச்சு வார்த்தைய கேளுங்க, அப்புறம் அத வச்சு எழுதின வாக்கியத்த தமிழ்ல விளக்கச் சொல்லுங்க, விளக்கத் திணறினா அந்த கார்ட நாளைக்கு திரும்ப வைங்க.